பன்னிரண்டு மணிக்கு எடுத்த அளவு

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கே விழுவாய். எழுத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

நேற்று என் மகள் கைப்பையைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். உள்ளே உங்கள் ஆஸ்பத்திரியின் மஞ்சள் அட்டை. நாலு மாதமாக, தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உன்னிடம் வந்திருக்கிறாள். அட்டை முழுக்க உன் கையெழுத்து. எடை, ரத்த அழுத்தம், தலை கீழே இருக்கிறது என்று குழந்தையின் சின்னப் படம் வேறு. படம் வரைகிற அளவுக்கு உனக்கு மனம் லேசாக இருக்கிறது. சந்தோஷம்.

மாப்பிள்ளை கப்பலில் மெக்கானிக். ஜூனில்தான் கரை இறங்குவார். அதுவரை அவள் என் பொறுப்பு. நல்ல சர்ஜன் ஒருவரைப் பார்த்து, ஏப்ரல் 28 காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டேன். வலி கிடையாது, காத்திருப்பு கிடையாது, இயற்கை என்ற பெயரில் சூதாட்டம் கிடையாது.

நீ ஒருத்தியைக் காக்க வைத்துப் பார்த்தாய். என் மனைவியும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. விசாரணையில் உன் உரிமத்தை மூன்று வருஷம் பறித்தார்கள். குறைவு என்று அப்போதே நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், உனக்குப் புரியாது. முந்தாநாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தபோது இவள் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், எனக்கு முதுகு காட்டி. இடுப்பில் ஒரு கை, ஒரு காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து. அவள் அம்மா நின்ற மாதிரியே. "வந்துட்டியா?" என்று என் வாய் கேட்டுவிட்டது. "நான் எங்கப்பா போனேன்?" என்று திரும்பினாள். அன்றிலிருந்து கொல்லைக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

அவளை விட்டுவிடு.

உன் தம்பி என்று எழுத மனம் வரவில்லை. வெறும் தம்பி.


ஏப்ரல் 9

வெறும் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கோபத்திலும் ஓரம் விட்டு, பத்தி பிரித்து எழுதியிருக்கிறாய். மொட்டைக் கடிதம் போட்டால்கூட நீ நகல் எடுத்து வைத்துக்கொள்கிற ஆள்.

உன் மகளை நான் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்தாள். வந்த அன்றைக்கு, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டாள்: "அத்தை, எனக்கு இடுப்பெலும்பு குறுகலாமே? அம்மாவுக்கும் அப்படித்தானாமே? பெத்துக்கற உடம்பே இல்லையாமே எங்களுக்கு?"

"யாரு சொன்னா?" என்றேன்.

"அப்பா."

நீ எப்போதடா பிரசவம் பார்க்க ஆரம்பித்தாய்? மழை வருமா வராதா என்றே உங்கள் வானிலை ஆபீஸ் சரியாகச் சொன்னதில்லை.

அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. பயம்தான் இருக்கிறது. பரிசோதனை மேஜையில் படுக்கும்போது கை இரண்டையும் நெஞ்சின்மேல் கட்டிக்கொள்கிறாள். "நான் செத்துட்டா குழந்தையை நீங்க வெச்சுப்பீங்களா?" என்று, மளிகைச் சாமான் கேட்கிற குரலில் கேட்கிறாள்.

நான் இப்போது தனியாகப் பிரசவ இல்லம் நடத்தவில்லை என்பது உனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் எனக்கு ஒரு அறை. தரையில் மெத்தை, வெந்நீர்த் தொட்டி, பிடித்துத் தொங்க உத்தரத்தில் ஒரு துணி. அங்கிருந்து பதினெட்டு எட்டில் ஆபரேஷன் தியேட்டர். எண்ணிப் பார்த்துத்தான் அந்த அறையைக் கேட்டு வாங்கினேன். இயற்கை ஒரு கட்சி, கத்தி ஒரு கட்சி என்று நான் கொடி பிடித்த காலம் போய்விட்டது. தேவைப்பட்டால் நானே தள்ளிக்கொண்டு போவேன். ஆனால் ஒரு வயிற்றைக் கிழிப்பதற்குப் பயம் மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. அதுவும் அவளுடைய பயமாக இருந்தாலாவது பரவாயில்லை. இது நீ ஊட்டியது.

அவளிடம் அன்றைக்கு நடந்ததைச் சொல். முழுசாகச் சொல். அதன் பிறகும் 28-ம் தேதி ஆபரேஷன்தான் வேண்டும் என்றால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். தியேட்டர் வாசல்வரை கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

சின்ன சிஸ்டரை உனக்கு நினைவிருக்கும். என்னிடம் உதவிக்கு இருந்தவள், அன்றைக்குக் காலைப் பணியில் இருந்தவள். போன மாதம் பார்த்தேன். உன்னை விசாரித்தாள்.

அக்கா


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

மிரட்டுகிறாயா? யாரோ சின்ன சிஸ்டரைக் காட்டிப் பூச்சாண்டி காட்ட நான் குழந்தை இல்லை.

நடந்ததைச் சொல் என்கிறாய். விசாரணையில் சொன்னதைத்தான் இன்றும் சொல்வேன். முதல் பிரசவத்தில் என் மனைவியைக் கேட்காமலே வயிற்றைத் திறந்தார்கள். இரண்டு கையையும் பட்டையால் மேஜையோடு கட்டினார்கள். மகளை மறுநாள்தான் கண்ணில் காட்டினார்கள். ஆறு வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு பிசையும்போது திடீரென்று மணிக்கட்டைத் தடவிக்கொள்வாள். இரண்டாவதுக்கு, "அண்ணி கிட்டதான் பெத்துப்பேன்" என்று நின்றாள். நீயும் மார்தட்டினாய்: "தையல் போட்ட வயிறுன்னா என்ன? நான் எத்தனை பாத்திருக்கேன்."

அன்றைக்கு உன் பிரசவ இல்லத்தில், அடுத்த அறையில் இன்னொருத்தி. நீ இரண்டு அறைக்கும் ஓடிக்கொண்டிருந்தாய். அந்தப் பிரசவ வரைபடத்தை என்னிடம் தந்து, "நீதான் நாள் முழுக்க ஆபீஸ்ல புள்ளி வெக்கறவனாச்சே, இதையும் வை" என்றாய். கர்ப்பவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வது, நான் புள்ளி வைப்பது. நடுவில் சாய்வாக ஒரு கோடு. தையல் போட்ட வயிறு என்பதால் உன் விதி கடுமையானது: மணிக்கு ஒரு சென்டிமீட்டர்கூடத் திறக்காமல் புள்ளி கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்தால் யோசிக்கவே கூடாது, தெருவைக் கடந்து எதிர் ஆஸ்பத்திரி.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து. இரண்டு மணிக்கு ஏழு. இரண்டு புள்ளியும் கோட்டின் மேலேயே. இரண்டே முக்காலுக்கு ஒரு சத்தம் போட்டாள். அது வலிக்கிற சத்தம் இல்லை. பழைய தையல் உள்ளே பிரிந்துவிட்டது. தெருவைக் கடக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

ஆக, உன் கோடு பொய் சொன்னது. உன் விதி தூங்கியது. இதில் நான் என்ன முழுசாகச் சொல்ல?

ஆபீசில் என்னைவிட ஏழு வருஷம் பின்னால் வந்தவன், காற்றழுத்தமானியைத் தலைகீழாகப் பிடிக்கிறவன், இப்போது எனக்கு மேலதிகாரி. அவன் சொல்கிறான், பகல் பன்னிரண்டு மணி அளவை நான் எடுக்கும்போது மட்டும் எண்கள் கோணலாக இருக்கின்றனவாம். உண்மைதான். அந்த நேரத்தில் பேனாவை எடுத்தால் தோளுக்குப் பின்னால் யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். ஈரத் துணியின் வாடை வருகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. இருபத்தொரு வருஷமாகத் திரும்பிப் பார்த்ததில்லை.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

காலை பத்து மணியை விட்டுவிட்டாய்.

பத்து மணிக்குச் சின்ன சிஸ்டர் பார்த்தாள். நாலு சென்டிமீட்டர். உன்னிடம் சொன்னாள், நீ புள்ளி வைத்தாய், அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு அடுத்த அறைப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு அதிகமாகி, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எதிர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு நான் வந்து பார்த்தேன். ஐந்து. இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர். அந்தப் புள்ளி கோட்டுக்கு வலப்பக்கம் விழுந்திருக்க வேண்டும். நாம் அப்போதே தெருவைக் கடந்திருக்க வேண்டும். ஆனால் நீ காட்டிய தாளில் ஒரே ஒரு புள்ளி. முதல் அளவு எப்போதும் விழுகிற இடத்தில், கோட்டின் மேலே, அழகாக.

"இதுதான் முதல் அளவா?" என்று உன்னைக் கேட்டேன்.

"ஆமா" என்றாய்.

சாயங்காலம் சின்ன சிஸ்டர் திரும்பி வந்து, அழுதுகொண்டே, "அக்கா, நான் எழுதச் சொன்ன பேப்பர் எங்கே?" என்று கேட்டாள். எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் மகள் அன்றைக்கு வராந்தாவில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரிக்காமல். "அம்மா வந்து பிரிப்பாங்க" என்றாள். அம்மாவைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அப்பாவையும் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. குற்றம் உன்னுடையது மட்டும் இல்லை. அளக்க வேண்டியவள் நான், எழுத வேண்டியவளும் நான். பேனாவை உன் கையில் கொடுத்தது என் தப்பு. அந்த வயிற்றை ஆஸ்பத்திரிக்குள் வைத்துத்தான் பார்த்திருக்க வேண்டும். தெருவுக்கு இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தது என் வீம்பு. கத்தி படாமல் பிறக்க வைத்துக் காட்டுகிறேன் பார் என்று அந்த டாக்டர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது எனக்கு. மூன்று வருஷத் தண்டனையை அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். உனக்காக என்று நினைத்துப் பெருமைப்படாதே.

ஆனால் இப்போது அந்தப் பெண், தன் உடம்பே சவப்பெட்டி என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மாவின் உடம்பு கடைசி இரண்டு மணி நேரத்தில் ஐந்திலிருந்து ஏழுக்கு வந்தது, தம்பி. அது பெற்றுக்கொள்ளத் தெரிந்த உடம்பு. குறுகலும் இல்லை, ஒன்றும் இல்லை. இடம்தான் தப்பு, நேரம்தான் தப்பு.

நான் அவளிடம் சொல்ல மாட்டேன். நீ சொல்ல வேண்டும். 28-க்கு இன்னும் பதினோரு நாள்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

நாலு நாளாக இந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

அந்தப் பத்து மணித் தாள் என்னிடம்தான் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். நாலாக மடித்து, அன்றைக்குச் சட்டைப் பையில் போட்டது. மடிப்பில் கிழிந்திருக்கிறது. பார்த்துப் பிரி.

எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம். அளக்கிற ஆள் மாறினால், முதல் ஆளின் எண்ணையும் இரண்டாவது ஆளின் எண்ணையும் ஒரே கோட்டில் சேர்க்க மாட்டோம். கைக்குக் கை அளவு மாறும். புது ஆளுக்குப் புதுத் தாள். பத்து மணிக்குச் சின்ன சிஸ்டரின் கை, பன்னிரண்டு மணிக்கு உன் கை. நீ ஐந்து என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய். நான் புதுத் தாள் எடுத்தேன். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. ஒழுங்காகத் தோன்றியது. நீ கேட்டபோது, இந்தத் தாளில் இதுதான் முதல் அளவு என்ற அர்த்தத்தில் ஆமா என்றேன்.

இப்படித்தான் நடந்தது. இதை நான் விசாரணையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ வாயைத் திறக்காததைப் பார்த்ததும், சரி, இவளுக்கே தான்தான் குற்றவாளி என்று தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் உன்னை வெறுப்பது எளிதாகிவிட்டது. தினமும் பல் தேய்ப்பது மாதிரி.

இந்தக் கடிதத்தின் நகலை இன்று காலை அவள் மேஜையில், கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு ஆபீஸ் வந்தேன். நேரில் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அக்கா. அது யார் முகம் என்று உனக்கும் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பி,

நேற்று மதியமே ஒரு பையோடு வந்துவிட்டாள். என்னிடம் இருக்கிறாள். சர்ஜனிடம் போன் செய்து 28-ம் தேதியை அவளே ரத்து செய்தாள். "தேவைப்பட்டா வருவேன் டாக்டர், பயந்துக்கிட்டு வர மாட்டேன்" என்றாள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தாள். அழவில்லை. "அப்பா எதையோ விட்டுட்டார், அத்தை" என்றாள். "புதுத் தாள் எடுத்தது சரி. பழைய தாளை ஏன் பையில ஒளிச்சு வெக்கணும்?"

எனக்குத் தெரியாது.

நீ இப்போதைக்கு வர வேண்டாம் என்கிறாள். வலி வந்தால் சொல்லி அனுப்புகிறேன். கொல்லைக் கதவைத் திறந்து வை. வீடு புழுங்கும்.

அக்கா


ஏப்ரல் 26, மதியம் 1.40
(வார்டு ஊழியர் வழியாக)

தம்பி,

நீ வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அங்கேயே இரு. உள்ளே வராதே.

காலை ஒன்பதரைக்கு நாலு. இப்போது ஆறு. கோட்டைத் தாண்டிவிட்டது. குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது, அவளும் தெம்பாக இருக்கிறாள். இவளுக்குப் பழைய தையல் இல்லை. ஆகவே டாக்டர் இரண்டு வழியும் சொல்கிறார்: வலியைக் கூட்டுகிற டிரிப் ஏற்றி, துடிப்பைக் கவனித்துக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், இல்லை, இப்போதே ஆபரேஷன். இரண்டும் நியாயமான வழி. அவள்தான் சொல்ல வேண்டும்.

முடிவு சொல்வதற்கு முன்னால் உன்னை ஒன்று கேட்கச் சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "பழைய பேப்பரை நீங்களாவே ஒளிச்சீங்களா, அம்மா ஒளிக்கச் சொல்லிக் கேட்டாங்களா?"

சீக்கிரம் எழுது. இந்த முறை ஆபீஸ் கதையெல்லாம் வேண்டாம்.

அக்கா


மதியம் 1.50
(பின்பக்கத்தில்)

அவளிடம் கொடு.

அம்மா கேட்டாள்.

அத்தை ஐந்து என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போன அந்த ஒரு நிமிஷத்தில். கோடு அம்மாவுக்கும் தெரியும். விதி அவளுக்கும் தெரியும். என் மணிக்கட்டைப் பிடித்தாள். உடம்பெல்லாம் வேர்வை, நெற்றியில் ஈரத் துணி. "என்னை மறுபடி கட்டிப் போடுவாங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் குடுங்க. அண்ணி கிட்ட சொல்லாதீங்க" என்றாள். நான் தாளை மடித்தேன். புதுத் தாள் எடுத்தேன். ஆபீஸ் பழக்கம் என்பது பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது. அத்தை திரும்பி வந்து கேட்டாள், நான் ஆமா என்றேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அவள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று யாரிடம் சொல்வது? செத்தவளை எப்படித் திட்டுவது? அத்தை உயிரோடு இருந்தாள். அதனால் அத்தையைத் திட்டினேன்.

எதை வேண்டுமானாலும் நீயே முடிவு செய்யம்மா. உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அது நான் சொன்ன பொய்.

அப்பா


ஏப்ரல் 26, மாலை 6.00

தம்பி,

பெண் குழந்தை. நாலு பதினெட்டுக்குப் பிறந்தது. ஆபரேஷன். அழுகைச் சத்தம் வராந்தாவரைக்கும் கேட்டிருக்கும். தாயும் நன்றாக இருக்கிறாள். கைகளைக் கட்டவில்லை. இப்போதெல்லாம் நாங்கள் கட்டுவதில்லை. எடுத்த உடனே நெஞ்சில் வைத்தோம்.

உன்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னும் பெஞ்சிலேயே இருக்கிறாயாம். ஏதாவது சாப்பிடு.

நீ எழுதியதைப் படித்தாள். ஒரு வலி வந்து போகும்வரை கண்ணை மூடியிருந்தாள். பிறகு, "அம்மா என்னை விட ஒரு வயசு சின்னவங்க அப்போ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஆபரேஷன் சம்மதப் படிவத்தைக் கேட்டாள். டாக்டர், "இப்பவே போயிடலாமா?" என்றார். "இல்ல. டிரிப் போடுங்க. நாலு மணி வரைக்கும் முயற்சி பண்றேன். ஆனா கையெழுத்தை இப்பவே போட்டுத் தர்றேன்" என்றாள். என் பக்கம் திரும்பி, "நாலு மணிக்கு நான் என்ன கெஞ்சினாலும் கேக்காதீங்க, அத்தை" என்றாள்.

துணியைப் பிடித்துத் தொங்கினாள், குந்தினாள், தொட்டியில் உட்கார்ந்தாள். என் நாற்பது வருஷத்தில் அப்படி உழைத்தவளைப் பார்த்ததில்லை. நாலு மணிக்குப் பார்த்தேன். ஏழு. குழந்தையின் தலை திரும்பி இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

அப்போது கெஞ்சினாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் ஒரே ஒரு தடவை என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. குரல் அவளுடையதாகவே இல்லை. அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் நான் கை கழுவப் போனதால் கேட்காமல் விட்ட குரல்.

முந்தானையை விடுவித்துக்கொண்டு கட்டிலைத் தள்ளினேன். பதினெட்டு எட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தம்பி. பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

அக்கா